உரக்கப் படி, தோழா!

தேநீர்க் கடைப் பலகையில் காலை ஆறு மணிக்கே வந்து உட்கார்ந்துவிடும் ஒருவரைப் பற்றி இன்று எழுதப் போகிறோம். அமைச்சரைப் பற்றியோ ஆலை முதலாளியைப் பற்றியோ அல்ல. அவர்களைப் பற்றி எழுத ஆயிரம் பேனாக்கள் காத்துக் கிடக்கின்றன. நாம் சொல்ல வந்தவருக்கு ஊருக்குள்ளே பெயர் உண்டு, ஊரைத் தாண்டினால் கிடையாது. நாலாம் வகுப்போ ஐந்தாம் வகுப்போ படித்தவர். தறி நெய்பவராக இருப்பார், வண்டி ஓட்டுபவராக இருப்பார், முடி திருத்துபவராக இருப்பார். அவரிடம் இருந்த சொத்து இரண்டே இரண்டு. எழுத்துக் கூட்டத் தெரிந்த கண் ஒன்று. எட்டுப் பேருக்குக் கேட்கும் குரல் மற்றொன்று. அந்த இரண்டையும் கூலி கேட்காமல் ஊருக்குக் கொடுத்தார்.

பத்திரிகை படித்துக் காட்டுபவர்! அவரைத்தான் சொல்கிறோம். வயதில் மூத்த தோழர்களுக்கு இந்நேரம் ஒரு முகம் நினைவுக்கு வந்திருக்கும்.

ஊருக்கு ஒரு பத்திரிகை வந்த காலம் அது. பேருந்திலிருந்து கட்டு விழும். கடைக்காரர் கயிற்றை அவிழ்ப்பார். அடுத்த நொடியில் தாள்கள் தனித்தனியாகப் பிரிந்து நாலு கைக்குப் போய்விடும். ஆனால் முதல் தாள் யார் கைக்குப் போக வேண்டும் என்பதில் தகராறு இல்லை. அது அவருடைய உரிமை. மூக்குக் கண்ணாடியை வேட்டி முனையில் துடைத்து மாட்டுவார். தொண்டையைச் செருமுவார். கொட்டை எழுத்துத் தலைப்பை இரண்டு தடவை படிப்பார். முதல் தடவை ஊருக்கு, இரண்டாம் தடவை தமக்கு. பிறகுதான் செய்தி.

கேட்பவர்கள் வாயை மூடிக்கொண்டு கேட்டார்களா? அதுதான் இல்லை!

“அண்ணே, நூல் விலை என்னமோ சொன்னீங்களே, அத இன்னொரு தடவ படிங்க.”

படிப்பார்.

“போன மாசமும் இதத்தானே சொன்னாங்க? எறக்குறோம்னு சொன்னவங்க ஏத்திட்டாங்களா?”

“இருப்பா, அடுத்த வரி படிச்சு முடிக்கட்டும்!”

“அடுத்த வரி கெடக்கட்டும்ணே, மொதல்ல இதுக்குப் பதில் சொல்லுங்க.”

பாவம், எழுதியவன் ஒருவன், அச்சடித்தவன் ஒருவன், பதில் சொல்ல வேண்டியவர் இவர்! தெரிந்ததைச் சொல்வார். தெரியாததை, “நாளைக்கு வரும், பாப்போம்” என்று தள்ளிவைப்பார். நாளைக்கு வராவிட்டால், கேட்டவன் மறப்பதில்லை. “என்னண்ணே, நூல் விலை என்ன ஆச்சு?” என்று மறுநாளும் வந்து நிற்பான்.

அவர் அறிஞர் அல்ல. வடமொழிச் சொல் குறுக்கிட்டால் தடுமாறுவார். வெளிநாட்டுத் தலைவர் பெயர் அவர் வாயில் படும் பாட்டை அந்தத் தலைவர் கேட்டால் பதவி விலகிவிடுவார். நடுநிலையாளரும் அல்ல. தம் கட்சிச் செய்தி என்றால் குரல் எட்டுக் கட்டை; எதிர்க் கட்சிச் செய்தி என்றால் ஓர் ஏளன இழுப்பு, சில வேளை ஒரு பத்தியே காணாமல் போய்விடும். நம்முடைய ஏட்டைப் படித்தவர்களும் இதைச் செய்தார்கள், மாற்றார் ஏட்டைப் படித்தவர்களும் இதைச் செய்தார்கள், மறைப்பானேன்? ஆனால் கேட்பவர்கள் ஏமாளிகள் அல்லர். “முழுசாப் படிங்க அண்ணாச்சி, நாங்க பாத்துக்குறோம்” என்று ஒரு குரல் பின்னாலிருந்து வரும். பக்கத்து முடிதிருத்தும் கடையில் வேறு ஏடு படிக்கிறார்கள், அங்கே வேறு விதமாகச் சொல்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். இரண்டையும் கேட்டுவிட்டு, மூன்றாவதாக ஒரு முடிவுக்கு வருவார்கள்.

எழுதப் படிக்கத் தெரிந்தவர் தொகை எவ்வளவு இருந்த நாட்டில் இது நடந்தது தெரியுமா? 1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு சொல்கிறது: இந்தியாவில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர். மற்ற எண்பத்திரண்டு பேர்? அவர்களும் வாக்களித்தார்கள், 1952ல் முதல் பொதுத் தேர்தல் நடந்து முடிந்தபோது, எழுத்தறியாதவன் கையில் வாக்குச் சீட்டைக் கொடுப்பதா என்று மாடியில் இருந்தவர்கள் கவலைப்பட்டார்கள். மாடியில் இருந்தவர்களுக்குத் தெரியாத ஒன்று பலகையில் இருந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. எழுத்தறியாதவன் வேறு, செய்தி அறியாதவன் வேறு! எழுத்தறியாத எண்பத்திரண்டுக்கும் எழுத்தறிந்த பதினெட்டுக்கும் நடுவே ஒரு பாலம் இருந்தது. அந்தப் பாலம் பலகையில் உட்கார்ந்து தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தது.

இது நேற்று முளைத்த பழக்கமும் அல்ல. ‘பெரிய எழுத்து’ப் புத்தகங்களை நம் தாத்தாக்கள் அறிவார்கள். பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை, பெரிய எழுத்து அல்லி அரசாணி மாலை, நல்லதங்காள் கதை; சந்தையிலும் திருவிழாவிலும் விற்பார்கள். எதற்காகப் பெரிய எழுத்து? அரிக்கேன் விளக்கின் மங்கிய ஒளியில் ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து ராகம் போட்டுப் படிக்க, தெருவே கூடிக் கேட்பதற்காக! நல்லதங்காள் பிள்ளைகளைக் கிணற்றில் போடும் இடத்தில் பெண்கள் விம்மி அழ, படிப்பவர் குரலும் தழுதழுக்கும். கதை கேட்ட திண்ணைக்குப் பின்னாளில் செய்தி வந்து சேர்ந்தது. 1942ல் மதுரையில் ‘தந்தி’ நாளேடு எளிய தமிழும் கொட்டைத் தலைப்புமாகப் புறப்பட்டபோது, இந்தப் பலகைக்காரரின் வேலை பாதி சுலபமாயிற்று. கட்சிகள் ஊர்தோறும் படிப்பகம் திறந்தன. கூரைக் கொட்டகை, ஒரு நீளப் பலகை, ஒரு கொடிக் கம்பம், நாலு ஏடுகள். மாலையில் அங்கும் ஒரு குரல் கேட்கும்.

பத்திரிகையோடு நின்றதா அவர் தொண்டு? தபால்காரரை நினைத்துப் பாருங்கள். கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போவது மட்டும்தான் அவருக்குச் சம்பளம் பெற்ற வேலை. படித்துக் காட்டுவது சம்பளத்தில் சேராது. கொழும்பிலிருந்தும் பினாங்கிலிருந்தும் பம்பாயிலிருந்தும் வந்த கடிதங்களை எத்தனை தாய்மார்கள் அவர் குரலில் கேட்டிருக்கிறார்கள்! “உன் மகன் நல்லா இருக்கானாம் ஆத்தா, தீபாவளிக்கு வர முடியாதாம்” என்று அந்த இரண்டாம் பகுதியைச் சொல்லுமுன் கொஞ்சம் மென்று விழுங்குவார். தந்தி வந்தாலோ படிக்குமுன்பே அழுகை தொடங்கிவிடும், “அழாதீங்க, பேத்தி பொறந்திருக்கு!” என்று கத்திச் சொல்லவேண்டிய நிலை அவருக்கு. 2013 ஜூலையில் இந்தியாவில் தந்திச் சேவையே முடிந்துபோனது. தாலுகா அலுவலக வாசலில் மரத்தடியில் உட்கார்ந்து மனு எழுதித் தருபவரும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவர்தான். அவர் காசு வாங்குவார்; அது வேறு கதை.

இந்தப் பலகை வாசிப்பைக் கனவான்கள் எப்படிப் பார்த்தார்கள்? சோம்பேறிகளின் அரட்டை என்றார்கள். வேலை வெட்டி இல்லாதவர் கூட்டம் என்றார்கள். கடைச் சுவர்களில் ஓர் அறிவிப்புப் பலகை தொங்கியதை நீங்கள் பார்த்திருப்பீர்கள்: ‘இங்கு அரசியல் பேசாதீர்’. கடைக்காரர் தம் கண்ணாடி டம்ளர்களைக் காப்பாற்றிக்கொள்ள மாட்டினார் என்று வைத்துக்கொள்வோம், அதில் நியாயமும் உண்டு. ஆனால் அந்தப் பலகைக்குக் கீழேயே உட்கார்ந்துதான் அரசியல் பேசினார்கள். பலகையைப் படித்துக் காட்டும்படி யாரும் கேட்கவில்லை போலும்!

சரி, தேநீர்க் கடைக்கு வந்து உட்காரக்கூட நேரமில்லாதவன் என்ன செய்வான்? ஆயிரத்துக்கு இவ்வளவு என்று எண்ணிக் கூலி வாங்குபவன், கையை நிறுத்தினால் கஞ்சி நின்றுபோகும் என்ற நிலையில் இருப்பவன், எப்போது செய்தி கேட்பான்? அவனுக்கும் ஒரு வழி இருந்தது. நமது மேற்கு எல்லையைத் தாண்டிக் கொஞ்சம் போய்ப் பார்ப்போம்.

கேரளத்தின் வடக்கே கண்ணூர். பீடித் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர். பீடி சுற்றுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மடியில் முறம், முறத்தில் தூளும் இலையும். இலையை நனைத்து, தகட்டை வைத்துக் கத்தரித்து, தூளைப் பரப்பி, சுருட்டி, நுனியை மடக்கி, நூலைக் கட்டி எறிய வேண்டும். கண்ணும் கையும் ஓயாது. ஆனால் காதுக்கு வேலை இல்லை! பட்டறையில் வரிசையாக உட்கார்ந்திருந்த தொழிலாளர்கள் இதைக் கண்டுபிடித்தார்கள். இந்தக் காதுகளைச் சும்மா விடுவானேன் என்று தங்களுக்குள்ளேயே ஒருவரைப் படிக்கச் சொன்னார்கள். படிப்பவர் பீடி சுற்ற முடியாதே, அவருக்குக் கூலி? மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் பீடி சுற்றி அவர் கணக்கில் சேர்த்தார்கள். காலையில் செய்தித்தாள், பிற்பகலில் நாவல். முதலாளி தம் கைகளை வாடகைக்கு எடுத்திருந்த அதே நேரத்தில், தம் காதுகளைத் தாமே வைத்துக்கொண்ட தொழிலாளர்கள் அவர்கள்!

அந்தப் பட்டறைகளில் என்ன நடந்தது? எழுதப் படிக்கத் தெரியாதவனும் நாட்டு நடப்புப் பேசினான். சங்கம் என்றால் என்ன, சட்டம் என்றால் என்ன என்று அறிந்தான். 1966ல் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வந்தது. வேலை நேரம், விடுமுறை, பணியிட வசதி என்று சில உரிமைகளை எழுதி வைத்த சட்டம். கேரள அரசு அதை நடைமுறைக்குக் கொண்டுவர முனைந்தபோது, இந்தச் சட்டப்படி எங்களால் தொழில் நடத்த முடியாது என்று பெரும் முதலாளிகள் பட்டறைகளை மூடிவிட்டுப் போனார்கள். சுமார் 12,000 பேர் தெருவுக்கு வந்தார்கள். வேறு இடமாக இருந்தால், காலில் விழுந்து கெஞ்சி, பழைய கூலிக்கே திரும்பியிருப்பார்கள். கண்ணூர்த் தொழிலாளி என்ன செய்தான்? 1969ல் அரசின் கடனுதவியோடு கூட்டுறவுச் சங்கம் அமைத்துத் தொழிலைத் தானே எடுத்து நடத்தினான். ‘தினேஷ் பீடி’ என்ற பெயர் அப்படிப் பிறந்தது. உச்ச நிலையில் 40,000க்கும் மேற்பட்டோருக்கு அது சோறு போட்டது. அங்கேயும் படிப்பவர் இருந்தார். இப்போது அவர் தொழிலாளியின் சொந்தப் பட்டறையில் உட்கார்ந்து படித்தார். பின்னாளில் புகைப்பழக்கம் குறைந்து பீடி விற்பனை சரிந்தபோது, குடை, உணவுப் பொருள் என்று வேறு தொழில்களுக்கும் அந்தச் சங்கம் கையை நீட்டியது. (பீடி புகைப்பவனுக்குக் கேடு, தூளை நாளெல்லாம் மூச்சில் இழுக்கும் தொழிலாளிக்கும் கேடு. அதில் நமக்கு ஐயமே இல்லை. நாம் பேசுவது பீடியைப் பற்றி அல்ல, சுற்றிய மனிதரைப் பற்றி.)

வாசிப்பு மட்டும்தான் அந்தச் சங்கத்தை உண்டாக்கியது என்று சொல்ல மாட்டோம். நீண்ட போராட்டங்கள் இருந்தன, தலைவர்கள் இருந்தார்கள், துணை நின்ற அரசும் இருந்தது. ஆனால் பன்னிரண்டாயிரம் பேர், கணக்கு வழக்கையும் சட்ட நுணுக்கத்தையும் கண்டு மிரளாமல், “நாமே நடத்துவோம்” என்று எழுந்தார்களே, அந்தத் துணிச்சல் ஒரே இரவில் வந்துவிடாது. பல்லாண்டுகள் காது வழியாகச் சேர்த்த முதல் அது.

கண்ணூர்த் தொழிலாளிக்கு உலகின் மறுகோடியில் ஓர் அண்ணன் இருந்தான். கியூபா என்ற தீவில், சுருட்டுப் பட்டறையில்! ஸ்பெயின் நாட்டு ஆட்சிக்கு அடிமையாகக் கிடந்த காலம். 1865ஆம் ஆண்டு டிசம்பரில், தலைநகர் ஹவானாவில் ‘எல் ஃபிகாரோ’ என்ற சுருட்டுத் தொழிற்சாலையில் ஒருவர் எழுந்து நின்று படிக்கத் தொடங்கினார். அதே ஆண்டுதான் சாத்துர்னினோ மார்த்தினெஸ் என்ற சுருட்டுத் தொழிலாளி, ‘விடியல்’ என்று பொருள்படும் பெயரில் தொழிலாளருக்காக ஓர் ஏடு தொடங்கியிருந்தார். படிப்பவருக்குக் கூலி யார் கொடுத்தது? அங்கும் முதலாளி அல்ல. தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். எந்தப் புத்தகம் படிப்பது என்பதைத் தொழிலாளர்களே வாக்கெடுத்து முடிவு செய்யும் வழக்கமும் வந்தது. நாட்டை ஆள வாக்கில்லாதவனுக்கு நாவலைத் தேர்ந்தெடுக்க வாக்கு இருந்தது!

நடுவிலே உயர்ந்த மேடை. அதில் நாற்காலி போட்டுப் படிப்பவர். சுற்றிலும் நூற்றுக்கணக்கானோர் புகையிலை சுருட்டிக்கொண்டே கேட்பார்கள். ஒலிபெருக்கி இல்லாத காலம், தொண்டைதான் கருவி. படித்தது பிடித்துவிட்டால் கைதட்ட முடியாதே, கையில் வேலை இருக்கிறதே! இலை நறுக்கும் பிறைவடிவக் கத்தியால் மேசைப் பலகையில் தட்டுவார்கள். கூடம் முழுவதும் கடகடவென்று அதிரும். பிடிக்காவிட்டால் கத்தியைத் தரையில் போட்டு ஓசை எழுப்புவார்கள். அவர்கள் விரும்பிக் கேட்ட நாவல்களில் ஒன்று மாண்டி கிறிஸ்டோ பிரபுவின் கதை. இன்று உலகச் செல்வர்கள் விலை கொடுத்து வாங்கும் ‘மாண்டி கிறிஸ்டோ’ சுருட்டுக்கு 1935ல் அந்தப் பெயர் வந்தது இப்படித்தான். புகைக்கும் செல்வருக்கு அது தெரியுமோ தெரியாதோ!

ஆட்சியாளர்கள் சும்மா இருப்பார்களா? ஆறு மாதம் நிறையவில்லை, 1866ல் தடை விதித்தார்கள். வேலைக்குச் சம்பந்தமில்லாத வாசிப்பும் விவாதமும் தொழிலாளரின் கவனத்தைக் கலைக்கின்றனவாம். ‘இங்கு அரசியல் பேசாதீர்’ பலகையைத்தான் அந்த அரசு தீவு முழுவதும் மாட்டிப் பார்த்தது. வாய் மூடியதா? 1868ல் விடுதலைப் போர் மூண்டது. ஆயிரக்கணக்கான சுருட்டுத் தொழிலாளர் கடல் தாண்டி அமெரிக்காவின் புளோரிடாக் கரையில் கீ வெஸ்ட், டாம்பா ஆகிய ஊர்களில் குடியேறினார்கள். போனவர்கள் கத்தியைக் கொண்டுபோனார்கள், படிப்பவரையும் கொண்டுபோனார்கள். கியூப விடுதலையின் தந்தை என்று போற்றப்படும் ஹொசே மார்த்தி 1891ல் டாம்பாவுக்கு வந்தபோது, அவர் பேச்சைக் கேட்டவர்கள் யார்? இந்தத் தொழிலாளர்கள். மறு ஆண்டு அமைந்த கியூபப் புரட்சிக் கட்சிக்குத் தங்கள் கூலியில் பங்கு கொடுத்தவர்கள் யார்? இதே தொழிலாளர்கள். 1895ல் கிளர்ச்சிக்கான கட்டளையை ஒரு சுருட்டுக்குள் வைத்துச் சுருட்டிக் கியூபாவுக்கு அனுப்பினார்கள் என்று அந்த மக்கள் இன்றும் பெருமையோடு கதை சொல்கிறார்கள்.

படிப்பவர் நாற்காலியில் பெண்ணும் உட்கார்ந்தார். போர்ட்டோ ரிக்கோ தீவைச் சேர்ந்த லூயிசா கபெத்தியோ என்ற அம்மையார், சுருட்டுத் தொழிற்சாலையில் படிப்பவராகப் பணியாற்றியவர். தொழிற்சங்கத்தில் உழைத்தார், பெண்ணுரிமை பற்றி எழுதினார். 1915ல் ஹவானா வீதியில் கால்சட்டை அணிந்து நடந்தார் என்பதற்காக அவரைக் கைது செய்தார்கள்! டாம்பாவில் படிப்பவராக இருந்த விக்தோரியானோ மந்தெய்கா 1922ல் ‘லா கசெத்தா’ என்ற ஏட்டைத் தொடங்கினார். நூறாண்டு கடந்த பிறகும் அது வந்துகொண்டிருந்தது. பிறர் எழுதியதைப் படித்துக் காட்டியவர், பிறர் படிக்கத் தாமே எழுதினார்.

டாம்பாவில் அந்த நாற்காலி எப்படிக் கவிழ்ந்தது தெரியுமா? 1931ல் முதலாளிகள் ஒன்றுகூடி, இனி வாசிப்பு கிடையாது என்றார்கள். படிப்பவர் சிவப்புக் கருத்துகளைப் பரப்புகிறார் என்பது குற்றச்சாட்டு. மேடைகளை இடித்தார்கள். தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள், ஆலைகளைப் பூட்டினார்கள். திரும்பி வந்தபோது, படிப்பவர் இருந்த இடத்துக்கு வானொலிப் பெட்டி வந்தது.

இதை எண்ணிப் பாருங்கள் தோழர்களே! வாசிப்பைத் தடுக்க வேண்டும் என்பதற்காகக் கூடத்தை மௌனமாக்கவில்லை. வேறொரு குரலை வைத்தார்கள். பாட்டும் கேட்டது, செய்தியும் கேட்டது. எது மட்டும் இல்லை? “இன்னொரு தடவை படி” என்று சொன்னால் வானொலி படிக்காது. “இதுக்கு என்ன அர்த்தம்?” என்று கேட்டால் பதில் சொல்லாது. எந்தப் புத்தகம் என்று வாக்கெடுக்க முடியாது. கத்தியைத் தரையில் போட்டாலும் அதற்குக் காது கிடையாது. முதலாளிகளுக்குத் தெரிந்திருந்தது, படிப்பவரிடம் ஆபத்தானது அவர் படித்த செய்தி மட்டும் அல்ல என்று.

கியூபாவில் மட்டும் அந்தக் குரல் ஓயவில்லை. வானொலி வந்தது, ஒலிபெருக்கி வந்தது; படிப்பவரும் இருந்தார். 2012ல் அந்த நாடு, சுருட்டுத் தொழிற்சாலை வாசிப்பைத் தன் பண்பாட்டுச் செல்வமாக அறிவித்தது.

நம் நாட்டுக்கு வருவோம். திருநெல்வேலி, தென்காசிப் பக்கத்துச் சிற்றூர்களிலும் வேலூர், குடியாத்தம் பகுதியிலும் பீடித் தொழில் வேரோடியது. அங்கே சுற்றுபவர்கள் பெரும்பாலும் பெண்கள். பட்டறையில் அல்ல, வீட்டில்! இலையையும் தூளையும் வாங்கி வந்து, வீட்டுத் திண்ணையில் சுற்றி, கட்டுக் கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்து, கழித்தது போக மீதிக்குக் கூலி வாங்க வேண்டும். ஏன் பட்டறை மறைந்தது? பட்டறை என்று ஒன்று இருந்தால் அதற்குச் சட்டம் உண்டு, நேரம் உண்டு, காற்று வெளிச்சம் உண்டு, ஆய்வாளர் உண்டு. வீட்டுக்கு அனுப்பிவிட்டால்? கூரையும் தொழிலாளியுடையது, விளக்கும் தொழிலாளியுடையது. பள்ளி விட்டு வந்த பிள்ளையும் நுனி மடக்க உட்கார்ந்துவிடும். முதலாளிக்கு எவ்வளவு மிச்சம், பாருங்கள்!

கணக்கில் எழுதாத இன்னொரு மிச்சமும் அவர்களுக்குக் கிடைத்தது. நாற்பது பேர் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்தால்தான் ஒருவர் படிக்க முடியும். நாற்பது வீடுகளில் நாற்பது பேர் உட்கார்ந்தால் யாருக்கு யார் படிப்பது? படிப்பவரைத் தடைசெய்ய இங்கே யாரும் ஆணை போடவில்லை. மேடையை இடிக்கவும் இல்லை. கூடத்தையே கலைத்துவிட்டார்கள், படிப்பவர் எழுந்து போய்விட்டார். பிறகு அந்த நாற்பது வீட்டிலும் தொலைக்காட்சி வந்தது.

இப்போது கைக்குக் கை தொலைபேசி. தேநீர்க் கடைப் பலகையில் எட்டுப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். எட்டுத் தலையும் குனிந்திருக்கிறது. செய்திக்குப் பஞ்சமில்லை. அன்று ஊருக்கு ஒரு ஏடு, இன்று ஆளுக்கு ஆயிரம் ஏடு! அதை நாம் குறை சொல்ல மாட்டோம். ஏழை வீட்டுப் பிள்ளை உலகத்துப் புத்தகத்தையெல்லாம் உள்ளங்கையில் விரித்துப் பார்க்கும் காலத்தைப் பழித்துவிட்டு, அரிக்கேன் விளக்குக்காக ஏங்குவது நம் வேலை அல்ல. ஆனால் எங்கிருந்தோ வந்த ஒரு பொய்யை ஒருவர் ஓசையின்றிப் படிக்கிறார், ஓசையின்றி நம்புகிறார், விரலால் தள்ளிப் பத்துப் பேருக்கு அனுப்புகிறார். பலகையில் அதே பொய்யை உரக்கப் படித்திருந்தால் பின்னாலிருந்து ஒரு குரல் வந்திருக்கும்: “யாருய்யா சொன்னது? எந்த ஊர்ல? எப்ப? திரும்பப் படி!” அந்தக் கேள்விக்கு நின்று பிடிக்கும் பொய் குறைவு. எழுத்தறியாதவர் கூட்டம் என்று கனவான்கள் கேலி செய்தார்களே, அந்தக் கூட்டத்திடம் இந்தச் சல்லடை இருந்தது.

படிப்பகம் நடத்தும் தோழர்களிடம் ஒன்று கேட்கிறோம். நூல்கள் இருக்கின்றன, மின்விசிறி இருக்கிறது, தலைவர்கள் படம் இருக்கிறது. மாலையில் அரை மணி நேரம் ஒருவர் உரக்கப் படிக்கிறாரா? ஒரு நாள் நம் ஏடு, மறுநாள் மாற்றார் ஏடு என்று படிக்கலாமே. பீடிச் சங்கத்துத் தோழர்களே, கூலி வாங்கக் கடை வாசலில் பெண்கள் காத்திருக்கும் நேரத்தில், கூலி உயர்வு ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று யாராவது வாய்விட்டுப் படித்ததுண்டா? துண்டறிக்கை அச்சடித்துக் கையில் திணித்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி தமிழ்நாட்டில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு எண்பது பேர். மிச்சம் இருபது பேர் எந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்பதை உறுப்பினர் சேர்க்கப் போகும் தோழருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்தத் தெருவில் படிப்பவர் இன்னும் இருக்கிறார். நாம்தான் அவரைத் தேநீர்க் கடையில் தேடிக்கொண்டிருக்கிறோம். அவருக்கு மூக்குக் கண்ணாடி இல்லை. இரட்டைச் சடை, பள்ளிச் சீருடை. எட்டாம் வகுப்போ ஒன்பதாம் வகுப்போ படிக்கும் பெண். மாலையில் பை தோளை விட்டு இறங்குமுன் நாலைந்து பாட்டிமார் கையில் தொலைபேசியோடு அவள் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார்கள். உதவித்தொகை ஏறிவிட்டதா? வங்கியிலிருந்து வந்த செய்தி என்ன சொல்கிறது? நியாயவிலைக் கடையில் வாங்காத சர்க்கரையை வாங்கியதாகச் செய்தி வந்திருக்கிறதாமே?

அவள் படிக்கிறாள். ஆங்கிலத்தில் வந்ததைத் தமிழில் சொல்கிறாள். பாட்டி தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, நம்பாமல், மறுபடியும் தொலைபேசியை அவள் முகத்துக்கு நேரே நீட்டுகிறாள்.

“எவ்வளவு பிடிச்சிருக்கான்னு போட்டிருக்கு? இன்னொரு தடவ படி கண்ணு. கொஞ்சம் சத்தமா.”